திட்டுக்கு ஒரு மல்லாட்டை

என் வீட்டுக்காரர் தேவசகாயத்தைப் போல நியாயமான மனிதர், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்க மாட்டார். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நியாயமான மனிதரோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

பிள்ளைகள் இரண்டும் கேப்பைக் கூழுக்கு அடித்துக்கொண்டால், மற்ற வீட்டு அப்பன்மார்கள் ஆளுக்கொரு அடி முதுகில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். இவர் அப்படியில்லை. யார் முதலில் கை வைத்தது, யார் காலை நீட்டியது, அந்த நேரத்தில் சட்டி எந்தப் பக்கம் இருந்தது என்று விசாரிப்பார். விசாரித்து முடிப்பதற்குள் கூழைக் காக்காய் குடித்துவிட்டுப் போயிருக்கும். ஒரு தடவை எனக்கும் என் நாத்தனாருக்கும் சண்டை. தப்பு முழுக்க அவளுடையது, நான் சத்தியம் பண்ணுவேன். இவர் இரண்டு பக்கமும் கேட்டார். கேட்டுவிட்டு, "முதல் தப்பு உன்னுதுதான் ஜெயம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு ராத்திரி நான் அடுப்பு மூட்டவில்லை. "அதுவும் நியாயந்தான்" என்று சொல்லிவிட்டுப் பட்டினியாகப் படுத்துக்கொண்டார். இந்த மாதிரி ஆளை என்ன செய்வது?

விழுப்புரம் ஜங்ஷனில், கூட்ஸ் ஷெட்டில், மூட்டைகளுக்கு மையால் குறி போடுகிற வேலை இவருக்கு. அங்கே முன்பு ஒரு ரயில்வே துரை இருந்தார். பந்தாட்டப் பைத்தியம். சாயங்காலமானால் ரயில்வே ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஆடுவார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவராகத்தான் இவர் அதில் நுழைந்தார். கோடு போட்டுப் போட்டு, கோட்டுக்கு உள்ளே எது, வெளியே எது என்று அத்தனையும் இவருக்குப் பாடமாகிவிட்டது. ஒரு நாள் ஆட்டத்துக்கு விசில் ஊதுகிற ரெப்ரீ வராமல் போக, துரை இவர் கையில் விசிலைக் கொடுத்தார். துரை மாற்றலாகிப் போன பிறகு, பையன்கள் ஆட்டத்துக்கெல்லாம் இவர்தான் ரெப்ரீ.

அந்த விசிலில் என்ன இருக்கிறது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. கூட்ஸ் ஷெட்டில் இவரை எல்லாரும் "டேய் தேவசகாயம்" என்றுதான் கூப்பிடுவார்கள். மூட்டை அனுப்புகிற வியாபாரிகளின் மகன்கள், மீசை முளைக்காத பயல்கள்கூட அப்படித்தான். நாங்கள் பிறந்த தெரு அப்படி. ஒரு நாள் மைதானத்துப் பக்கம் போனேன். அதே பயல்களில் ஒருத்தன், அரைக்கால் சட்டையோடு மூச்சு வாங்க ஓடிவந்து, கையைத் தூக்கிக்கொண்டு, "சார், இது கார்னருங்களா சார்?" என்று இவரிடம் கேட்டான். இவர் தலையை மட்டும் ஆட்டினார். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன். மைதானத்துக்குள் ஒரு மணி நேரம் என் புருஷன் சார். கோட்டைத் தாண்டி வெளியே வந்தால் மறுபடி டேய். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எவனும் பிடுங்கக் கூடாது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. மைதானத்தில் ஊத இடமில்லாமல் போனால் அந்த விசில் முழு நேரமும் வீட்டுக்குள் ஊதப்படும். அதை என்னால் தாங்க முடியாது.

முப்பத்தெட்டாம் வருஷம் அதைப் பிடுங்கத்தான் பார்த்தார்கள்.

விழுப்புரத்துப் பையன்களுக்கும் திண்டிவனத்துப் பையன்களுக்கும் வருஷா வருஷம் ஒரு கோப்பைக்காகப் போட்டி நடக்கும். முதல் ஆட்டம் திண்டிவனத்தில், அடுத்த சனிக்கிழமை இரண்டாவது ஆட்டம் விழுப்புரத்தில். ஆடுவது பிள்ளைகள், அடித்துக்கொள்வது பெரியவர்கள். தோற்ற ஊர் எதுவோ அந்த ஊர் ரெப்ரீயைக் குறை சொல்லும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அந்த வருஷம் சண்டைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. இவர் விழுப்புரத்து ஆள், ஆனால் நான் திண்டிவனத்துப் பெண். "அவன் விழுப்புரத்தான், அவனூருக்குத்தான் ஊதுவான்" என்று திண்டிவனம் பஜாரில் பேச்சு. "அவன் திண்டிவனத்து மாப்பிள்ளை, மாமனார் ஊருக்குத்தான் ஊதுவான்" என்று விழுப்புரம் ஜங்ஷனில் பேச்சு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

போட்டிக் கமிட்டிக்குத் தலைவர் விழுப்புரம் வக்கீல் பாண்டுரங்கன். திண்டிவனத்துப் பக்கத்துக்கு மண்டிக்காரர் சீனுவாசன். மல்லாட்டை மண்டி அவருடையது, மற்ற ஊர்களில் வேர்க்கடலை என்பார்களே, அது. அவருடைய மகன் தேவநாதன்தான் திண்டிவனத்துப் பையன்களுக்குக் கேப்டன். இவர்கள் கூடி உட்கார்ந்து, ரெப்ரீ ஒழுங்காக ஊதுகிறானா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சீனுவாசன்தான் அந்த மகா யோசனையைச் சொன்னாராம்.

"நல்ல ரெப்ரீன்னா ரெண்டு ஊர்க்காரனும் அவன சரிசமமா திட்டணும்ங்க. ஒரு ஊரு மட்டும் திட்டி, இன்னொரு ஊரு கம்முனு இருந்துச்சின்னா, அவன் கம்முனு இருக்கிற ஊருக்கு ஓரவஞ்சனை பண்றான்னு அர்த்தம்."

வக்கீலுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த ஊர் ஆள் ஒருவர் அந்த ஊர்க் கூட்டத்தில் உட்கார வேண்டியது. அந்த ஊர் ஆள் ஒருவர் இந்த ஊர்க் கூட்டத்தில். ஒரு திட்டு விழுந்தால் ஒரு மல்லாட்டையைப் பையில் போட வேண்டியது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பைகளையும் மண்டித் தராசில் ஏற்ற வேண்டியது. ஏன், எண்ணிவிட்டால் போதாதா என்று யாரோ கேட்டார்களாம். "எண்ணுற மனுஷன் ஏமாத்துவான், தராசு ஏமாத்தாது" என்றாராம் சீனுவாசன். அவருடைய தராசில் மல்லாட்டை நிறுத்துப் போட்ட குடியானவர்கள் அதைக் கேட்டிருந்தால் அங்கேயே உருண்டு சிரித்திருப்பார்கள்.

தராசு சமமாக நின்றால் இரண்டாவது ஆட்டத்துக்கும் இவரே ரெப்ரீ. சாய்ந்தால் விசிலைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எப்போதும் கிடையாது. விசில் வக்கீலுடைய மச்சானுக்குப் போகும். அந்த மச்சான் போன வருஷம் குடையைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் முழுவதையும் பார்த்துவிட்டு, கடைசியில் "இதுல நம்ம பசங்க யாரு?" என்று கேட்ட மனிதர்.

"இதுக்கு நீங்க ஒத்துக்கினீங்களா?" என்று இவரைக் கேட்டேன்.

"ரெண்டு பக்கத்துக்கும் ஒரே தராசுதான ஜெயம். இதுல இன்னா கோளாறு?" என்றார்.

ஆட்டத்தன்று காலையில் நாங்கள் ரயில் ஏறினோம். விழுப்புரத்துப் பையன்கள் ஒரு பெட்டியில் பாட்டும் கூத்துமாக ஏறினார்கள். ரெப்ரீ ஆட்டக்காரர்களோடு கலக்கக் கூடாது என்று இவர் கடைசிப் பெட்டிக்குப் போய்விட்டார். அதோடு விட்டாரா? நான் திண்டிவனத்துப் பெண் என்பதால் என்னோடும் கலக்கக் கூடாதாம். என்னைப் பெண்கள் பெட்டியில் தனியாக ஏற்றிவிட்டார். மயிலம் ஸ்டேஷனில் ஒரு விழுப்புரத்துப் பையன் இவருக்கு முறுக்கு நீட்டினான். இவர் ஏதோ பாம்பைக் கண்ட மாதிரி ஜன்னலை மூடிக்கொண்டதை என் பெட்டியிலிருந்து நானே பார்த்தேன்.

அது போகட்டும். திண்டிவனத்தில் இறங்கினால் அம்மா விடியற்காலையிலேயே கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். வாசலில் தண்ணீர்ச் செம்போடு என் அப்பா ராயப்பன். சீனுவாசன் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் மேஸ்திரி அவர். இவர் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டார்.

"மாமா, ஆட்டத்தன்னிக்கு ரெப்ரீ எந்த ஊர்க்காரன் ஊட்லயும் கை நனைக்கக் கூடாது. தப்பா நெனைச்சிக்காதீங்க."

"தண்ணியாவது குடிங்க மாப்ள" என்றார் அப்பா.

"தண்ணியும் கை நனைக்கிறதுதான மாமா."

சொல்லிவிட்டு ஸ்டேஷன் குழாய்க்குத் தண்ணீர் குடிக்கத் திரும்பிப் போனார். மாமியார் வீட்டு வாசல்வரை வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிற மாப்பிள்ளையைத் தெருவே பார்த்தது. அம்மா குழம்புச் சட்டியை மூடிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவுடைய கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. ஆனாலும் செம்புத் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு உள்ளே போனார், அவ்வளவுதான். எங்கள் தெருவில் மாப்பிள்ளையைத் திட்டுகிற வழக்கமே கிடையாது. மாப்பிள்ளை குடித்துவிட்டு வந்து கூரையைக் கொளுத்தினாலும், "மாப்ள, வெளிச்சம் போதுங்க" என்றுதான் சொல்லுவோம்.

இந்த வழக்கத்தை அந்தக் கமிட்டியில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. என் புத்திக்கும் அப்போது எட்டவில்லை.

மைதானம் எங்கள் தெருவை ஒட்டித்தான். அதனால் திண்டிவனத்துக் கூட்டத்தில் முன்வரிசை முழுக்க எங்கள் ஜனம். அப்பா, மூன்று சித்தப்பாமார்கள், மண்டியில் மூட்டை தூக்குகிற மற்றவர்கள். எல்லாருக்கும் தோள் கதவு அகலம். பஜார்க்காரர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். விழுப்புரத்திலிருந்து வந்திருந்த சவுரிராயன் என்பவர் இவர்கள் நடுவில் பையோடு உட்கார்ந்திருந்தார். பாவம், நல்ல மனிதர். மடி நிறைய மல்லாட்டை. வறுத்ததைக் கொடுத்தால் தின்றுவிடுவார்கள் என்று பச்சை மல்லாட்டையாகக் கொடுத்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் விழுப்புரத்துக் கூட்டம். அங்கே சீனுவாசனுடைய கணக்குப்பிள்ளை இன்னொரு பையோடு உட்கார்ந்திருந்தார். பெண்கள் நாங்கள் புங்கமரத்தடியில்.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே மண்டிக்காரர் மகன் தேவநாதன் ஒரு விழுப்புரத்துப் பையனைப் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டை கிழிகிற சத்தம் மரத்தடியில் எனக்கே கேட்டது. இவர் விசில் ஊதிவிட்டார். பெனால்டி. விழுப்புரத்துக்கு ஒரு கோல்.

திண்டிவனத்துக் கூட்டம் கொதித்துப்போய்விட்டது. பின்னாலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டு எழுந்தார்.

"யோவ் ரெப்ரீ, உனக்கு..."

என் சித்தப்பாமார்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

"...தாகமா இருந்தா சோடா அனுப்பட்டுமா?" என்று முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவுக்கும் உள்ளே பொங்கிக்கொண்டுதான் இருந்தது. காலையில் தண்ணீர் குடிக்காத கோபம் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "மாப்பிள்ளைக்கு வெயிலு கண்ணுல அடிக்குதாட்டம் கீது. பாவம்."

சவுரிராயன் ஒரு மல்லாட்டையைக் கையில் எடுத்துவிட்டார். "பெரியவரே, இது திட்டுங்களா?"

"ஊட்டு மாப்பிள்ளைய எவனாவது திட்டுவானா? நான் வெயில சொன்னேன்."

சவுரிராயன் மல்லாட்டையைத் திரும்ப மடியில் போட்டுக்கொண்டார். அடுத்ததாக என் பெரியம்மா, "பொண்ணு குடுக்கும்போது கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சிது" என்றாள். அவர் மறுபடி எடுத்தார். "அது எங்க சொந்த சமாச்சாரம்" என்றாள். மறுபடி மடியில் போட்டார். ஆட்டம் பாதிக்கு வருவதற்குள் அந்த மனிதருக்கு எது திட்டு, எது மரியாதை என்றே தெரியாமல் பேஜாராகிவிட்டது. அவர் பையில் விழுந்ததெல்லாம் பின்வரிசையில் யாரோ முகத்தை மறைத்துக்கொண்டு திட்டியது மட்டும்.

எதிர்ப்பக்கம் அந்தக் கஷ்டமே இல்லை. அங்கே கிருஷ்ணசாமி இருந்தார். விழுப்புரம் எஞ்சின் ஷெட்டில் கரி அள்ளுகிறவர். அவர் வாயைத் திறந்தால் மயிலத்தில் சிக்னல் இறங்கிவிடும் என்பார்கள். அவுட் கொடுத்தாலும் திட்டினார், கொடுக்காவிட்டாலும் திட்டினார். இவருடைய கால்சட்டை நீளத்தைத் திட்டினார். "யோவ், மாமியா ஊட்டு கோழிக் கொழம்பு கண்ண மறைக்குதா?" என்று ஒரு கத்து கத்தினார் பாருங்கள், எனக்கு அங்கேயே ஓடிப்போய் அவர் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போலிருந்தது. சட்டியில் அந்தக் கோழி தொடப்படாமல் கிடக்கிறது. காலையிலிருந்து இந்த மனிதர் குடித்தது ஸ்டேஷன் தண்ணீர். அந்தத் திட்டுக்கும் ஒரு மல்லாட்டை.

பிற்பாதியில் திண்டிவனம் ஒரு கோல் போட்டது. ஆளுக்கு ஒன்று. முடிகிற நேரத்தில் விழுப்புரத்துப் பையன் ஒருவன் கோலுக்கு முன்னால் துள்ளிக் குதித்தான், பந்து வலைக்குள் போனது. விழுப்புரத்துக் கூட்டம் தொப்பியையும் துண்டையும் வானத்தில் வீசியது. இவர் விசில் ஊதி, தம்முடைய முழங்கையைத் தட்டிக் காட்டினார். பந்து கையில் பட்டதாம். கோல் கிடையாது.

அப்புறம் வந்தது பாருங்கள் திட்டு. கணக்குப்பிள்ளையால் ஒவ்வொன்றாகப் போட முடியாமல் கைப்பிடியாக அள்ளி அள்ளிப் போட்டார். அந்தத் திட்டுகளில் சிலது ஆட்டத்தைப் பற்றியே இல்லை, நாங்கள் பிறந்த தெருவைப் பற்றி. அதுவும் இவர் காதில் விழுந்திருக்கும். பந்தை வைக்க வேண்டிய இடத்தைக் கையால் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். முகம் மாறவில்லை. கொஞ்ச நேரத்தில் கடைசி விசிலை ஊதினார். ஆட்டம் சரிக்குச் சரி.

எல்லாரும் மண்டிக்குப் போனோம். பையன்களும் வந்துவிட்டார்கள். பெரிய தராசு கூரைச் சட்டத்திலிருந்து தொங்கியது. அங்கே இருந்த ஒரே நாற்காலியில் வக்கீல் பாண்டுரங்கன் உட்கார்ந்துகொண்டார். மைதானத்தைத் தாண்டியாகிவிட்டதே, இனி இவரை யார் சார் என்பது?

"தேவசகாயம், நீ அப்படி ஓரமா நில்லு" என்றார்.

இவர் ஓரமாக நின்றார். அப்பாதான் பைகளைத் தட்டுகளில் ஏற்றினார். விழுப்புரத்துப் பை தொப்பென்று கீழே இறங்கியது. திண்டிவனத்துப் பை மேலே போய் ஆடியது. அப்பா ஒரு விரலால் அந்தத் தட்டை அழுத்திக்கூடப் பார்த்தார். மரியாதை கொடுத்தே மாப்பிள்ளையைக் கவிழ்த்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"திண்டிவனத்துல ஒருத்தனும் உன்னைத் திட்டலை. நீ யார் பக்கம்னு தராசே சொல்லிடுச்சு" என்றார் வக்கீல். "விசிலைக் குடுத்துடு."

இவர் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். கமிட்டி முடிவென்றால் முடிவுதானாம். கயிற்றை விசிலில் ஒழுங்காகச் சுற்றி, வக்கீலிடம் நீட்டப் போனார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"வக்கீலையா, அந்தப் பையில பாதி ஆட்டத்தப் பத்தினதே இல்லிங்க. இவரு கால்சட்டைக்கு ஒன்னு, தின்னாத கோழிக்கு ஒன்னு, எங்க தெருவுக்கு ஒரு கை. அதையெல்லாம் பொறுக்கி எடுத்துட்டு நிறுங்க."

"அதெல்லாம் பிரிக்க முடியாதும்மா. எந்தத் திட்டா இருந்தாலும் திட்டு திட்டுதான். ரூல்" என்றார் வக்கீல்.

"எந்தத் திட்டா இருந்தாலுங்களா?"

"எந்தத் திட்டா இருந்தாலும்."

"அப்பிடின்னா நான் திண்டிவனத்துப் பொண்ணு. நான் திட்டுனா எந்தப் பையில வுழும்?"

வக்கீல் சீனுவாசனைத் திரும்பிப் பார்த்தார். வக்கீல் மச்சான் கைக்கு விசில் போவதில் சீனுவாசனுக்கு இஷ்டமில்லை. "திண்டிவனத்துப் பையிலதான். சவுரிராயன், நீங்க தட்டாண்ட வாங்க" என்று ஜல்தியாகச் சொன்னார்.

நான் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டேன்.

"யோவ் தேவசகாயம்."

தாலி கட்டின நாளிலிருந்து நான் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. மண்டியிலிருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அன்றைக்குப் பழகிவிட்டதால்தான் இந்தக் கதையிலும் தாராளமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

"கட்டின பொண்டாட்டிய தனி டப்பாவுல ஏத்திக்கினு வந்த ஆளு நீதான? நான் இன்னா பார்சலா?"

ஒரு மல்லாட்டை விழுந்தது.

"எங்கம்மா விடிகாலைல எழுந்து கொழம்பு வெச்சா. ஸ்டேஷன் கொழாயில போய் வாய வெச்சிக்கினு நின்னியே, அவ மூஞ்சிய ஏறெடுத்துப் பாத்தியா?"

இன்னொன்று. என் பெரியம்மா, "கேளுடி, நல்லா கேளு" என்றாள். சவுரிராயன் அதற்கும் ஒன்று போட்டார்.

"உன் தங்கச்சி சொம்பால என் மண்டைய ஒடச்சா. முதல் தப்பு என்னுதுன்னு சொன்னியே, இன்னா நெஞ்சழுத்தம் உனக்கு?"

"அதுக்கு ரெண்டா போடுய்யா" என்றார் கிருஷ்ணசாமி. விழுப்புரத்து ஆள், எதிர்க்கட்சி, அவரே சொன்னார்.

எனக்கு ஆவேசமே வந்துவிட்டது. பிள்ளைகள் சண்டைக்கு என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டதைச் சொன்னேன். காக்காய் குடித்த கூழைச் சொன்னேன். ஊரெல்லாம் திட்டினால்கூட ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டு, அந்தத் திட்டையெல்லாம் நான் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு புழுங்குவதைச் சொன்னேன். மல்லாட்டை விழுந்துகொண்டே இருந்தது. திண்டிவனத்துத் தட்டு மெதுவாக இறங்கியது. விழுப்புரத்துத் தட்டு தரையை விட்டு எழும்பியது. முள் நடுவுக்கு வரக் கொஞ்சந்தான் பாக்கி. வக்கீல் ஏதோ ஆட்சேபம் சொல்ல நாற்காலியிலிருந்து எழுந்தார்.

அப்போது விசில் சத்தம் கேட்டது.

தகரக் கூரை போட்ட மண்டிக்குள் அந்த விசில் எப்படிக் கேட்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் இருந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். சவுரிராயன் கை மல்லாட்டையோடு அந்தரத்தில் நின்றது. கிருஷ்ணசாமி வாய் திறந்தது திறந்தபடி. பையன்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். நான்கூட நிறுத்திவிட்டேன். வீட்டில் எத்தனை தடவை ஊதியிருப்பார், ஒரு தடவையும் நான் நிறுத்தினதில்லை.

இவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தராசைக் காட்டினார்.

"ஆட்டம் முடிஞ்சிபோச்சி. கடைசி விசிலுக்கு அப்பறம் வுழுற கோலு செல்லாது. திட்டும் செல்லாது. ஜெயம் போட்டத எடுத்துடுங்க."

யாரும் அசையவில்லை. "எடுங்க" என்றார் மறுபடியும். சவுரிராயன் பைக்குள் கை விட்டுக் கைப்பிடியாக அள்ளி எடுத்தார். தட்டு மேலே போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தராசையே பிடுங்கி அவர் தலையில் போட்டிருப்பேன்.

எனக்கு முன்னால் அப்பா வெடித்துவிட்டார். "டேய், உனக்கு அறிவு கீதாடா? எம்பொண்ணு தொண்ட கிழியத் திட்டி உன்னக் காப்பாத்திக்கினு வரா. கையில வந்தத தள்ளி வுடுறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

சவுரிராயன் கை பழக்க தோஷத்தில் மல்லாட்டைக்குப் போனது.

"மாமா சொன்னதும் ஆட்டத்துக்கு அப்பறந்தான்" என்றார் இவர். கை திரும்பி வந்தது.

கிருஷ்ணசாமிக்கு என்ன தோன்றியதோ, தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவரால் மெதுவாகவும் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வக்கீலையா, அந்தப் பந்து நம்ம பையன் கையில பட்டுது. நான் என் கண்ணால பாத்தேன்."

"பாத்துட்டா அவ்வளவு கத்தின?" என்றார் வக்கீல்.

"கோலு போயிடிச்சிங்களே. வயிறு எரிஞ்சிது. எரியிற வயித்துக்கு வேற யாரப் போய்த் திட்டறது? பந்தையா?" என்றவர், தராசுத் தட்டிலிருந்த பையைப் பார்த்தார். "இந்தப் பையில கீறது அவரு பண்ண தப்பு இல்லிங்க. நம்ம வயித்தெரிச்சல்."

பையன்கள் பக்கத்திலிருந்து தேவநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் சட்டைய இழுத்ததும் நெஜந்தான் சார்" என்றான். சீனுவாசன் மகனை முறைத்தார்.

எல்லாரும் வக்கீலைப் பார்த்தார்கள். அவர் விசில் சத்தத்துக்கு எப்படி நின்றாரோ அப்படியே நின்றுகொண்டிருந்தார். முழுக்க எழுந்திருக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. முழங்கால் மடங்கி, கை நாற்காலிப் பிடியில். தொடை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஓரமாக நின்ற என் புருஷனைப் பார்த்துக் கேட்டார்:

"உக்காரலாமா சார்?"

கோட்டுக்கு வெளியே, மண்டியில், அத்தனை பேர் முன்னால். நான் திட்டுவதற்கு இன்னும் எவ்வளவோ பாக்கி வைத்திருந்தேன், ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"உக்காருங்க" என்றார் இவர். வக்கீல் உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் விசிலைக் கேட்கவே இல்லை, இவர் கயிற்றை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமையும் இவர்தான் ஊதினார், அதற்கடுத்த வருஷமும் இவர்தான். சீனுவாசன் இரண்டு பைகளையும் ஒரே அண்டாவில் கொட்டி உப்புப் போட்டு வேகவைக்கச் சொன்னார். இரண்டு ஊர்த் திட்டையும் இரண்டு ஊர்க்காரர்களும் உரித்துத் தின்றார்கள். கிருஷ்ணசாமிதான் அதிகம் தின்றார்.

இவர் மட்டும் ஒன்றும் தொடவில்லை. அப்பா வீட்டு வாசலுக்கு வந்ததும் மறுபடியும் வெளியே நின்றுவிட்டார். உள்ளே இலை போட்டாயிற்று, அம்மா குழம்பைச் சுடவைத்துவிட்டாள். இவர் கும்பிடுகிறார்.

"அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் கீதே மாமா."

நான் அவர் கழுத்திலிருந்த விசிலை எட்டிப் பிடித்து, என் வாயில் வைத்து, தெரு அதிர ஊதினேன். கயிறு கழுத்தில் இருந்ததால் அவரும் குனிந்து நிற்க வேண்டியதாயிற்று.

"ஆட்டம் முடிஞ்சிபோச்சின்னு நீங்கதான சொன்னீங்க. கடைசி விசிலுக்கு அப்பறம் திட்டறது செல்லாதுன்னா, கடைசி விசிலுக்கு அப்பறம் தின்னறதும் செல்லாது. எவன் கணக்குலயும் வராது. போய் உக்காருங்க."

அவர் இரண்டு பக்கமும் யோசித்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ரூலு கரெக்ட்டுதான்" என்று சொல்லிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். அம்மா தொடைக் கறியாகப் பார்த்து இலையில் வைத்தாள். இவர் மூன்றாவது முறை சோறு கேட்டபோதுதான் அப்பா மறுபடி வாயைத் திறந்தார்.

"மெதுவா சாப்புடுங்க மாப்ள" என்றார்.